கயிற்றுக்கு உள்ளே விளைந்த மது

முதலில் பலகை வந்தது. பிறகு கயிறு வந்தது. கயிற்றுக்குப் பின்னால் ஓர் அலுவலகமும், அலுவலகத்துக்கு ஓர் அதிகாரியும், அதிகாரிக்கு ஒரு நாற்காலியும் வந்து சேர்ந்தன. திராட்சை கடைசியாகத்தான் வந்தது. அதுவும் செத்துப்போய் வந்தது. ஓர் அரசாங்கம் ஒரு காரியத்தை முறைப்படி செய்தால் இந்த வரிசையில்தான் செய்யும் என்பதால் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரன் காலம். தங்காக்கிலிருந்து லேடாங் மலையைப் பார்த்துப் போகும் செம்மண் பாதையில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை போட்டது போட்டபடி சிங்கப்பூருக்கு ஓடியிருந்தார். பால் வாங்க ஆளில்லாமல் மரங்கள் வெட்டுப்படாமல் நின்றன. பால் பிடிக்கிற மங்குகள், அதாவது மரத்தில் மாட்டும் பீங்கான் கிண்ணங்கள், ஸ்டோரில் குவிந்து கிடந்தன. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டு, காலையில் அதை அவித்துத் தின்றார்கள், மத்தியானம் சுட்டுத் தின்றார்கள், ராத்திரி சோற்றை நினைத்துக்கொண்டு படுத்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத் திராட்சை எப்படி வந்தது என்றால், சியோனானில், சிங்கப்பூருக்கு அப்போது அதுதான் பேர், ஒரு பெரிய தளபதி இருந்தார். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒயினையெல்லாம் அவர் குடித்துத் தீர்த்துவிட்டார். தீர்ந்த பிறகுதான் ஒயின் இல்லாமல் சக்கரவர்த்தியின் பிறந்தநாளைக் கொண்டாடுவது தேசத்துரோகம் என்று அவருக்குத் தோன்றியது. நல்ல திராட்சை மலைச்சரிவில் விளையும் என்று யாரோ சொன்னார்கள். வரைபடத்தை விரித்தார்கள். ஜொகூரில் பெரிய மலை லேடாங். தளபதியின் விரல் அதன் அடிவாரத்தில் எங்கே இறங்கியதோ, அந்த இடத்தில் செல்லப்பன் குத்தவைத்து உட்கார்ந்து கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தான்.

மண்டல அதிகாரியாக வந்தவர் மொரிதா. சொந்த ஊரில் ஒரு பெரிய கடையில் குடை விற்றவர். விரித்துப் பார்க்காமலே இது நல்ல குடை, இது மட்டக் குடை என்று சொல்லிவிடுவாராம். அந்தத் திறமையைப் பார்த்து அவரை மதுவுக்குப் போட்டிருந்தார்கள்.

அவர் முதல் பெரட்டிலேயே பிரசங்கம் செய்தார். பெரட்டு என்பது விடியலில் தோட்டத்து ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற கூட்டம். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டதால் அப்போது விடியலும் சட்டப்படி வந்ததே தவிர வெளிச்சம் வரவில்லை. சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்து எல்லோரும் குனிய வேண்டும். அந்தத் திசையில் தோட்டத்துக் கக்கூஸ் இருந்தது. குனிந்தார்கள்.

"என்ன சொல்றார்னா," என்று கிராணி ராஜசேகரன் மொழிபெயர்த்தார். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. ஜப்பான் பாஷையை அவர் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தார். அதனால் தெரியாத இடங்களை நாடகத் தமிழால் அடைத்துவிடுவார். "இன்று முதல் இக்கயிற்றுக்குள் இருக்கும் பூமி, மாட்சிமை தாங்கிய திராட்சை மது மண்டலம்! இதன் மண் வேறு! நீர் வேறு! காற்றும் வேறு! கயிற்றுக்கு உள்ளே இருப்பது மது. அதே மது கயிற்றைத் தாண்டினால் வெறும் தண்ணீர்!"

"அலமாக்," என்றாள் காளியம்மா மெதுவாக. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், செல்லப்பனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. "நேத்து வரைக்கும் ஒரே மண்ணாத்தானே இருந்துச்சு?"

மொரிதா முன்வரிசையில் நின்ற செல்லப்பனைக் காட்டி ஏதோ சொன்னார். செல்லப்பன் அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"உன்னைத் தலைமைக் கொடிக் காவலரா நியமிச்சிருக்கார்," என்றார் கிராணி.

"எனக்குத் திராட்சைன்னா பாயசத்துல கெடக்குமே, அதுதாங்க தெரியும். அது எந்த மரத்துல சுருங்கிப் போய்க் காய்க்குதுன்னு தெரியாதுங்களே."

கிராணி இதை மொழிபெயர்த்தார். எப்படி மொழிபெயர்த்தாரோ, மொரிதா மகிழ்ந்து செல்லப்பனின் கையில் ஓர் ஊதாத் துணியைக் கட்டிவிட்டார்.

அந்தத் துணியின் மதிப்பு அடுத்த வாரம் தெரிந்தது. லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி. அதிலிருந்து குதித்த ஒரு சார்ஜன்ட், செல்லப்பனின் மச்சான் அர்ச்சுனனைத் தோளைத் தொட்டு எடை பார்த்தான். அர்ச்சுனனுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி புஷ்பவள்ளி லயத்து வாசலில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்போது மொரிதா வந்து, செல்லப்பன் கையில் இருந்த ஊதாத் துணியைக் காட்டி, இவனும் மண்டலத்து ஆள், மண்டலத்து ஆளைத் தொடக்கூடாது என்று கத்தினார். சார்ஜன்ட் வேறு தோட்டம் பார்த்துப் போனான்.

அன்று சாயங்காலம் செல்லப்பனின் பெண்டாட்டி வெள்ளையம்மா புருஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அர்ச்சுனன் அவள் கூடப்பிறந்த தம்பி.

"அந்தப் பழமோ தண்ணியோ எதுவோ, அது இங்க இருக்கிற வரைக்கும்தான் எந்தம்பி இங்க இருப்பான். வெளங்குதா?"

"வெளங்குது. ஆனா அந்தச் செடி செத்துப் போச்சே."

செத்துத்தான் போயிருந்தது. கப்பலில் வந்த குச்சிகளை முறைப்படி நட்டு, முறைப்படி வணங்கி, முறைப்படி தண்ணீர் ஊற்றியும் அவை துளிர்க்க மறுத்துவிட்டன. அவற்றுக்காகக் கட்டிய கம்பிப் பந்தல் சும்மா நின்றது. சும்மா நிற்கிற பந்தலைப் பார்க்க வெள்ளையம்மாவுக்குப் பொறுக்காது. அடுப்படிக்குப் பின்னால் வேலியில் படர்ந்திருந்த கொடிப்பசலையை ஒடித்துக் கொண்டுபோய்ப் பந்தல் காலில் ஊன்றி வைத்தாள். கீரைக்காவது ஆகுமே என்றுதான்.

மழை பெய்தது. பசலை பந்தலை மூடிவிட்டது. தண்டு சிவந்து, இலை பளபளத்து, கொத்துக் கொத்தாகக் கறுத்த பழம் தொங்கியது. சியோனானில் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பிய மொரிதா அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அவரும் அதற்கு முன்னால் திராட்சைக்கொடியைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் செல்லப்பனுக்குப் புரிந்தது.

"கொடி வந்தாயிற்று! இனி மது வரட்டும்!" என்றார் கிராணி, அவருக்காக. "ஒரு சொட்டும் வீணாகக் கூடாது!"

ஒரு செடி நீர் கொடுக்கும் என்றால் அதை எப்படி வாங்குவது என்பதில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சந்தேகமே வராது. செல்லப்பனும் அர்ச்சுனனும் ஸ்டோரிலிருந்து மங்குகளைக் கழுவி எடுத்துவந்தார்கள். பசலைத் தண்டில் வெட்டுக்கத்தியால் சாய்வாக ஒரு கீறல் போட்டார்கள். கீறலுக்குக் கீழே கம்பி வளைத்து மங்கு மாட்டினார்கள். பட்டையே இல்லாத தண்டில் அவ்வளவு நேர்த்தியாக வெட்டுப் போட்டதற்குப் பழைய துரையாக இருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

கிராணிக்கு விஷயம் தெரியும். பழத்தைப் பிழிந்துதான் ஒயின் எடுப்பார்கள் என்று அவர் எங்கோ படித்திருந்தார். அவர் ஓடி வருவதற்குள் மொரிதா வந்துவிட்டார். வரிசை வரிசையாக வெள்ளை மங்குகள் கொடியில் தொங்குவதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குடைக்கடையில் எல்லாம் வரிசையாகத் தொங்கும் அழகை நினைத்தாரோ என்னவோ.

"ஒழுங்கு!" என்றார். அன்றே மங்கு மாட்டாத கொடி சட்டவிரோதம் என்று உத்தரவு போட்டார்.

இனி மங்கில் ஏதாவது இருந்தாக வேண்டும். மழைத்தண்ணீரைத் தவிர எதுவும் விழவில்லை. ஒயின் வரவில்லை என்றால் மண்டலம் இல்லை; மண்டலம் இல்லை என்றால் அர்ச்சுனன் லாரியில் இருப்பான். புஷ்பவள்ளி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். இருந்ததே கிழங்குதான், அதையும் நிறுத்திவிட்டாள்.

வழி சொன்னது காளியம்மாதான். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த அம்மா ஒருத்தி அவளுக்குச் சிநேகிதி. அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு மாவுருண்டையைத் தூவி மூடி வைத்தால் சில நாளில் அது புளித்து இனித்து மயக்கம் கொடுக்கும் பண்டமாகிவிடும். தாப்பாய் என்பார்கள். காளியம்மா அதை இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊறவிட்டு வடித்தாள். பசலைப் பழத்தைக் கசக்கி விட்டாள். நிறம் வந்தது பாருங்கள், நகைக்கடைப் பட்டுத்துணி தோற்றுப்போகும்.

அன்றிலிருந்து பெரட்டு மணி அடிப்பதற்கு முன்னால் வெள்ளையம்மாவும் காளியம்மாவும் வாளியோடு போய் மங்குகளில் ஊற்றிவிட்டு வருவார்கள். பெரட்டு முடிந்ததும் செல்லப்பன் அதே மங்குகளிலிருந்து அதே வாளியில் சேகரித்துக்கொண்டு போய் மொரிதாவின் மேசையில் வைப்பான்.

மொரிதா குடித்தார். இருமினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்தார்.

"வெள்ளைக்காரன் பழத்தைக் காலால் மிதித்து மது எடுக்கிறான்! அநாகரிகம்! ஆசியாவின் கொடியோ, மிதிக்காமல், பிழியாமல், ஊறவைக்காமல், தானே மதுவைச் சொரிகிறது! எனக்கு முன்னால் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கே இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாதவனையே இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்த மேலிடத்தின் தீர்க்கதரிசனத்துக்கு மும்முறை வாழ்த்து!"

"பன்சாய்," என்றார்கள் எல்லோரும், பசியோடு.

ஒருநாள் காளியம்மா ஒரு குவளை மதுவை முந்தானைக்குள் மறைத்துக் கயிற்றைத் தாண்டும்போது பிடிபட்டாள். திருட்டுக்குத் தண்டனை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளையம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். மொரிதா குவளையை வாங்கி, கயிற்றுக்கு வெளியே நின்று, ஒரு வாய் குடித்தார்.

"தண்ணீர்," என்றார். "விதிப்படி தண்ணீர். தண்ணீர் எடுத்தது திருட்டு ஆகாது. போ."

அதற்குப் பிறகு தோட்டத்தில் சாயங்காலம் தோறும் தண்ணீர்த் தாகம் கூடிவிட்டது. பாடிக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள்.

புகழ் சியோனானுக்குப் போயிற்று. அங்கிருந்து ஒரு நிபுணர் வந்தார். பேர் ஒகாவா. மெலிந்த மனிதர். அவர் அப்பா, தாத்தா எல்லோரும் திராட்சைத் தோட்டத்திலேயே பிறந்து திராட்சைத் தோட்டத்திலேயே செத்தவர்கள். இதைக் கேட்டதும், அர்ச்சுனனை மூட்டை கட்டச் சொல்லலாமா என்றுகூடச் செல்லப்பன் யோசித்தான்.

ஒகாவா பந்தலுக்குக் கீழே தனியாகப் போனார். காவலர் என்ற முறையில் செல்லப்பன் கூடவே போனான். நிபுணர் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மங்கைப் பார்த்தார். தண்டில் போட்டிருந்த வெட்டைப் பார்த்தார். பிறகு செல்லப்பனைப் பார்த்து, உடைந்த மலாயில், "இனி சாயோர், பூகான்?" என்றார். இது கீரைதானே என்று அர்த்தம்.

பொய் சொல்ல செல்லப்பனுக்கு நாக்கு எழவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

நிபுணர் பெருமூச்சு விட்டார். தனக்கு முன்னால் இருந்த நிபுணர் மலாயாவில் திராட்சை விளையாது என்று உண்மையைச் சொன்னார், இப்போது அவர் பர்மாவில் துப்பாக்கி தூக்குகிறார் என்று கையாலும் முகத்தாலும் புரியவைத்தார். வெளியே வந்து, இந்த ரகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அறிவித்தார். அதில் பொய் ஏதும் இல்லை. போகும்போது ஒரு கட்டு இலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு.

வேறெங்கும் இல்லை என்று நிபுணர் சொன்னால் மேலிடம் என்ன செய்யும்? எல்லா இடத்திலும் செய் என்று சொல்லும். கொடி வளர்க்கத் தெரிந்த ஆட்களையெல்லாம் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பி, ரயில் பாதை ஓரமாக இரண்டாவது மண்டலம் அமைக்க வேண்டும், அதிகாரியும் கூடவே போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவோடு லாரியும் வந்தது. அதே சார்ஜன்ட்.

"நீதான் நல்லா வளத்தே," என்று வெள்ளையம்மா புருஷனைப் பார்த்து அழுதாள். "கொஞ்சம் மோசமா வளத்திருக்கக் கூடாதா?"

முதல் ஆளாக அர்ச்சுனனை லாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். புஷ்பவள்ளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லப்பன் வாழ்க்கையில் எந்தத் துரைக்கும் எதிரில் வாய் திறந்தவன் அல்ல. அன்றைக்குத் திறந்தான்.

"கிராணி ஐயா, துரைகிட்ட கேளுங்க. கயித்துக்கு உள்ள இருந்தாத்தானே அது மது? வெளிய போனா தண்ணின்னு அவர்தானே சொன்னார்? கொடிக்கு அப்படின்னா ஆளுக்கும் அப்படித்தான் லா. இவன் கயித்தைத் தாண்டினா ஒண்ணும் தெரியாதவன். சயாம்ல போய்க் கீரைதான் வளப்பான்."

கிராணி இதைக் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார். மொரிதா உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு முறை தடவிப் பார்த்தார். சயாமில் நாற்காலி இருக்குமா என்பது நிச்சயமில்லை. சார்ஜன்ட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பரீட்சை வைப்பதென்று முடிவாயிற்று. கயிற்றுக்கு வெளியே வெள்ளையம்மாவின் அடுப்படி வேலியில் அதே கொடி இருக்கிறது. அர்ச்சுனன் அதில் வெட்டுப் போட்டு மங்கு மாட்டட்டும். காலையில் மங்கு நிறைந்திருந்தால் அவன் எங்கே போனாலும் மது வரும். லாரியில் ஏற வேண்டியதுதான். காலியாக இருந்தால் மண்ணின் குணம். ஆட்கள் இங்கேயே இருக்கலாம்.

இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் கிடையாது. ஊற்றாமல் இருந்தால் போதும். செல்லப்பன் வெள்ளையம்மாவிடமும் காளியம்மாவிடமும் திரும்பத் திரும்பச் சொன்னான். "வெளி மங்கைத் தொடாதீங்க. அந்தப் பக்கமே போகாதீங்க." புஷ்பவள்ளியிடம் யாரும் சொல்லவில்லை. அவள் வாளி தூக்குகிறவள் இல்லையே.

காலையில் பெரட்டு மணி அடித்தது. கக்கூஸைப் பார்த்துக் குனிந்துவிட்டு எல்லோரும் வேலியருகே போனார்கள். வெளி மங்கு விளிம்பு வரை நிறைந்து ஊதா நிறத்தில் பளபளத்தது.

கூட்டத்தில் புஷ்பவள்ளி மட்டும் சந்தோஷமாக நின்றாள். புருஷனுக்குப் பரீட்சை என்று கேள்விப்பட்டிருந்தாள்; மங்கு காலியாக இருந்தால் அவனை அடிப்பார்கள் என்று நினைத்து, விடிவதற்குள் எழுந்து காளியம்மாவின் வாளியிலிருந்து மொண்டு தன் கையாலேயே நிறைத்துவிட்டிருந்தாள். செல்லப்பன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

சார்ஜன்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். லாரிக்காரனைப் பார்த்து வண்டியைக் கிளப்பச் சொன்னான்.

மொரிதா கையைத் தூக்கினார். மங்கை எடுத்தார். நிதானமாக ஒரு வாய் குடித்தார். அவர் கண்ணில் நீர் வந்தது, மூக்கு சிவந்தது, வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணீர்," என்றார்.

சார்ஜன்ட் மங்கைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தான். இருமித் தள்ளினான். பிறகு, "தண்ணீரா?" என்றான்.

மொரிதா நிமிர்ந்து நின்றார். கிராணி மொழிபெயர்த்தார், அன்றைக்குத்தான் அவர் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. "கயிற்றுக்கு வெளியே இருப்பது எதுவும் மது ஆகாது. இது விதி. விதியில் மேலிடத்தின் முத்திரை இருக்கிறது. உன் நாக்கில் மது மாதிரிப் பட்டால் அது உன் நாக்கின் ஒழுங்கீனம். மேலிடத்தோடு மாறுபடும் நாக்கை என்ன செய்யலாம் என்று எழுதிக் கேட்கட்டுமா?"

சார்ஜன்ட் யோசித்தான். அவனும் பர்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பான். விறைப்பாக சல்யூட் அடித்தான்.

"தண்ணீர்தான்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டான்.

காளியம்மா வாளியையே கொண்டுவந்து வைத்தாள். மத்தியானம் வரை தண்ணீர் குடித்துவிட்டு சார்ஜன்ட் லாரியில் ஏறிப் படுத்துக்கொண்டான். அர்ச்சுனன் நடந்து வந்து கயிற்றுக்குள் காலை வைத்தான். புஷ்பவள்ளி அவனைக் கட்டிப் பிடித்தாள். தோட்டமே பார்க்கிறதே என்று அவளுக்கு வெட்கமில்லை.

லாரி வெறுமையாகத் திரும்பவில்லை. அடுத்த தோட்டத்தில் கயிறு இல்லை. அங்கே ஏற்றிக்கொண்டு போன ஆட்களில் திரும்பி வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். அவர்களில் பலபேர் செல்லப்பனோடு திருவிழாவில் காவடி எடுத்தவர்கள். அவர்களுக்கும் இப்படி ஒரு முட்டாள்தனம் கிடைத்திருக்கக் கூடாதா என்று அவன் பின்னாளில் நினைத்து நினைத்து அழுதிருக்கிறான்.

உலகச் சண்டை முடிந்தது; ஜப்பான் தோற்றது. மொரிதா ஒரு நாள் பலகைக்கு முன்னால் குனிந்து வணங்கிவிட்டு, ஒரு புட்டி மதுவோடு கயிற்றைத் தாண்டி நடந்து போனார். புட்டியில் இருந்தது அந்த நிமிஷமே தண்ணீராகிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார். ஓடும்போது விட்டுப்போன குரலை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தார். பசலையைப் பார்த்துக் களை என்றார். பிடுங்கிப் போடச் சொன்னார். மங்குகளை எண்ணாமலே குறைகிறது என்றார். பெரட்டில் நின்று, இத்தனை வருஷமும் தோட்டம் தலைமை இல்லாமல் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று தனக்குத் தெரியும் என்று உருக்கமாகப் பேசினார். கிராணி அதையும் நாடகத் தமிழில் மொழிபெயர்த்தார்.

கயிறும் பலகையும் நல்ல சாமான்கள். துரை அவற்றை வீணாக்கவில்லை. பலகையைத் திருப்பி மறுபக்கத்தில் புதிதாக ஏதோ எழுதி, அதே கம்பத்தில் அதே ஆணியில் மாட்டச் சொன்னார். அதே கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னார். கட்டியவன் செல்லப்பன்தான், அவனுக்குத்தானே அதில் பழக்கம்.

புஷ்பவள்ளி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். அர்ச்சுனன் அவளுக்குப் பின்னால் நின்றான். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவள் பலகையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்.

"அண்ணே, இப்ப நாங்க எந்தப் பக்கம் நிக்கணும்?"

செல்லப்பன் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தான். செம்மண் பாதையைக் கண்ணுக்கு எட்டின மட்டும் பார்த்தான்.

"கொஞ்சம் பொறும்மா," என்றான். "லாரி எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."